துணி வெள்ளையாக வரும்வரை

ஒக்டோபர் 7, திங்கள்

நித்திரை வராவிட்டால் எழுதுங்கள் என்று கிளினிக் நர்ஸ் சொன்னாள். எந்த மொழியிலும் எழுதலாமாம், ஒருவருக்கும் காட்டத் தேவையில்லையாம். குளிசை தருவாள் என்று நினைத்துப் போனேன். தந்தது இதைத்தான். ஆரணியின் பழைய கொப்பியில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன்.

என்ன எழுதுவது? இன்றைக்கு மீன் குழம்பு வைத்தேன். ஆரணி முள்ளுக்குப் பயந்து சோற்றை மட்டும் சாப்பிட்டாள். ஐந்து வயதாகிறது, இன்னும் மீன் முள் எடுக்கத் தெரியாது. நேசன் பின்னேர வேலைக்குப் போய்விட்டார். இந்த ஊரில் எல்லோருக்கும் வேலை கடதாசி ஆலையில்தான். தண்டர் பே நகரத்திலிருந்து நாலு மணித்தியாலம் காட்டுக்குள்ளால் கார் ஓடினால் இந்த ஊர் வரும். எங்களைத் தவிர வேறு தமிழ் ஆட்கள் இல்லை.

சனிக்கிழமை நேசன் ஒரு துவக்கு வாங்கி வந்தார். மான் வேட்டைக்கு. அவருடன் வேலை செய்யும் றேமன் தன்னுடைய பழையதை விற்றிருக்கிறான். இங்கே எல்லோரும் வேட்டைக்குப் போவார்கள், நாங்கள் மட்டும் போகாமல் இருந்தால் எப்போதும் வெளி ஆட்கள்தான் என்கிறார். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸ் எடுத்து வைத்திருக்கிறார். துவக்கு இப்போது நிலக்கீழ் அறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு இரும்பு அலுமாரியில் இருக்கிறது.

"உமக்கு லைசென்ஸ் இல்லை. நான் இல்லாமல் நீர் தொடக்கூடாது, விளங்கிச்சோ?" என்றார்.

"நான் ஏன் தொடப்போறன்?" என்றேன்.

ஒக்டோபர் 8

துவக்குக் குழலின் வாய்க்குக் கிட்டக் கொஞ்சம் துரு இருக்கிறது. அவர் அலுமாரியைப் பூட்ட முதல் கண்டேன். அவ்வளவுதான்.

ஒக்டோபர் 10, வியாழன்

துவக்கை எத்தனை நாளுக்கு ஒருதரம் துடைக்கவேண்டும் என்று நேசன் இரவுச் சாப்பாடு முழுக்க ஆராய்ச்சி.

"றேமன் சீசனுக்கு ஒருக்கால் போதும் எண்டுறான். இன்ரர்நெற்றில ஒருத்தன் ஒவ்வொருக்கால் சுட்ட பிறகும் எண்டுறான். இன்னொருத்தன் சும்மா சும்மா துடைச்சாத்தான் குழல் பழுதாகும் எண்டுறான். ஆரை நம்பிறது?"

பாத்திரத்தை மெஷினுக்குள் அடுக்கிக்கொண்டு நின்ற நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "நனைஞ்சால் அண்டைக்கே துடைக்கவேணும். சுடாட்டிலும்," என்றேன். "குளிருக்குள்ளை இருந்து சூடான வீட்டுக்குக் கொண்டுவந்தால் உள்ளுக்கை வேர்க்கும். அதையும் துடைக்கவேணும்."

"உமக்கு என்னெண்டு தெரியும்?"

"அப்பாவிட்டை காட்டுப் பண்டி சுடுற துவக்கு ஒண்டு இருந்தது."

"ஓ" என்றுவிட்டு அவர் போனைப் பார்க்கத் தொடங்கினார்.

அப்பா துணிக்கடையில் வேலை செய்தவர். வீட்டுக்குள் வந்த பூனையைத் துரத்தவும் அவருக்கு மனம் வராது.

ஒக்டோபர் 13, ஞாயிறு

நேசனின் முதல் வேட்டை. நாள் முழுக்க மழை. ஒரு மானையும் காணவில்லையாம், ஆனால் முகத்தில் அப்படிச் சந்தோஷம். றேமன் கோப்பி கொடுத்தானாம், மான் உரசிய மரத்தைக் காட்டினானாம். துவக்கை நனைந்தபடியே உறைக்குள் போட்டு, உறையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

நான் கோழி இறைச்சி பொரித்தேன். இரண்டு துண்டு கருகிவிட்டது.

ஒக்டோபர் 14

நித்திரை இல்லை. எழுதியும் வரவில்லை என்று நர்ஸிடம் சொல்லவேண்டும்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

ஆரணியைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து உடுப்புத் தோய்க்கப் போட்டேன். இரும்பு அலுமாரியைப் பூட்டும் திறப்பு கோப்பித் தகரத்துக்குள் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று நேசன் நினைக்கிறார். இந்த வீட்டில் எனக்குத் தெரியாத இடத்தில் ஒரு ஊசி கிடக்குமா?

உறையைத் திறந்தவுடன் ஈர மணம். பிறகு நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கை தன்பாட்டில் போனது. நேசன் ஒரு தடி செட் வாங்கி வைத்திருக்கிறார், மூன்று துண்டாகப் பூட்டிக் குழலுக்குள் விடுவது. எனக்கு அது பிடிக்கவில்லை. உடுப்புக் காயப்போடும் நைலோன் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, ஆரணியின் பழைய பெனியனைச் சின்னச் சின்னச் சதுரமாகக் கிழித்து, நுனியில் கட்டி, பின்பக்கமிருந்து முன்பக்கமாக இழுத்தேன். முதல் துணி கறுப்பு. அடுத்தது மண்ணிறம். பிறகு சாம்பல். பிறகும் இழுத்தேன்.

வெள்ளையாக வரும்வரை. அதுதான் கணக்கு. எத்தனை நாளுக்கு ஒருதரம் என்றெல்லாம் எங்களிடம் ஒருவரும் கேட்டதில்லை.

'எங்களிடம்' என்று எழுதிவிட்டேன். பேனாவால் எழுதியது, அழிக்க முடியாது. இருக்கட்டும்.

இன்றைக்குப் பின்னேரம் கதிரையில் இருந்தபடியே ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டேன்.

ஒக்டோபர் 19, சனி

"உம்மடை கை என்ன மணக்குது?" என்று கேட்டார் நேசன்.

"தையல் மெஷின் எண்ணெய்."

உண்மையாகவே தைக்கவும் வேண்டும். ஆரணியின் குளிர்க் காற்சட்டைக்கு முழங்காலில் ஒட்டுப் போடவேண்டும்.

ஒக்டோபர் 27, ஞாயிறு

றேமன் வந்தான். ஐம்பது வயதிருக்கும், பெரிய தாடி, மெல்லிய குரல். நான் செய்த ரோல்ஸில் எட்டோ ஒன்பதோ சாப்பிட்டான். நேசன் துவக்கை எடுத்துவந்து காட்டினார். றேமன் துவக்கின் பின்பக்கத்துப் போல்ட்டைக் கழற்றி, குழலை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தான்.

"என்னிடம் இருந்தபோது இது இப்படி மினுங்கியதில்லை" என்றான் ஆங்கிலத்தில். "தினமும் துடைக்கிறாயா?"

"இன்னும் ஒருதரமும் துடைக்கவில்லை" என்று நேசன் சிரித்தார். "நீ சொன்னது சரி. சீசனுக்கு ஒருதரம் போதும்."

நான் தேத்தண்ணி ஊற்றினேன். கோப்பைக்கு வெளியிலும் ஊற்றினேன்.

நவம்பர் 1, வெள்ளி

ஒரு பிழை விட்டுவிட்டேன்.

நேசன் வேட்டையால் வந்து துவக்கை மேசையில் வைத்தார். ஆரணி ஓடிவந்தாள். "முதல்ல ரவையை எடுங்கோ! பிள்ளை நிக்கிறாள்!" என்று கத்தினேன்.

"அது வெறுமையப்பா, காருக்கை ஏற முதலே எடுத்திட்டன். சட்டம் அப்பிடி," என்றார். பிறகு, "என்ன சொன்னனீர்? ரவையோ?"

"ஓம், அதுதான்... குண்டு."

"உப்புமாவுக்குப் போடுற ரவை!" என்று ஆரணி சிரித்தாள். நானும் சிரித்தேன். நேசன் சிரித்தார், ஆனால் ஒரு கணம் பிந்திச் சிரித்தார். ஊரில் எந்த ஆட்கள் துவக்குக் குண்டை ரவை என்று சொல்வார்கள் என்று அவருக்கும் தெரியும்.

நவம்பர் 5, செவ்வாய்

ஆரணிக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடம் போகவில்லை. மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுக் கீழே போனேன். அவள் எழும்பி வந்து படியில் நின்றதை நான் காணவில்லை.

"அம்மா, ஆரோடை கதைக்கிறீங்கள்?"

நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. துடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரவு சாப்பிடும்போது அவள் தகப்பனிடம் சொன்னாள்: "அம்மா கீழை நிறையப் பேரின்ரை பேர் சொல்லிச் சொல்லிக் கதைச்சவா. அங்கை ஒருத்தரும் இல்லை."

"பிள்ளைக்குக் காய்ச்சல்" என்றேன்.

இனித் தொடமாட்டேன். திறப்பைக் கோப்பித் தகரத்துக்குள் போட்டு, தகரத்தை மேல்தட்டில் தள்ளி வைத்துவிட்டேன். கதிரை வைத்து ஏறினால்தான் எட்டும்.

நவம்பர் 6

அடுப்பைத் துடைத்தேன். அடுப்புக்குப் பின்னாலும்.

நவம்பர் 8

யன்னல் கண்ணாடிகள். பிறகு கதவுப் பிடிகள். பிறகு நேசனின் வேலைச் சப்பாத்து. "நாளைக்கு எனக்குக் கலியாணமோ?" என்று கேட்டார்.

நவம்பர் 11, திங்கள்

பள்ளிக்கூடத்தில் ஆரணிக்கு ஒரு சிவப்புக் கடதாசிப் பூக் குத்தி விட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். அவள் அதைக் கழற்றி என் சட்டையில் குத்தினாள்.

"உங்களுக்குத் தெரிஞ்ச ஆரும் சண்டையில செத்தவையோ எண்டு வீட்டை கேட்டுக்கொண்டு வரச் சொன்னவ, எங்கடை ரீச்சர்."

"இல்லை" என்றேன். பிறகு வெங்காயம் வெட்டினேன். இன்றைய கறிக்கு வெங்காயம் தேவைப்படவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

நேசன் இன்றைக்கு அலுமாரியைத் திறந்துவிட்டுக் கீழேயிருந்தே சத்தம் போட்டார். "இஞ்சை பாரும், எப்பிடித் துருப் பிடிச்சிருக்கு! போன கிழமை நல்லா இருந்ததே!"

போன கிழமை மூன்று தரம் பனிக்குள் கொண்டுபோய், மூன்று தரமும் நனைந்தபடி வைத்தார். நான் உருளைக்கிழங்கு உரித்தேன்.

றேமனுக்குப் போன் எடுத்தார். நாளைக்கு இருவருக்கும் லீவு, சீசன் முடிய முதல் நல்ல காலநிலை நாளைக்குத்தானாம். இன்றைக்கே துடைக்கச் சொன்னானாம். வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு, அதில் சொல்வதற்கு முன்னாலேயே செய்யத் தொடங்கினார். படிக்குக் கீழே இருந்து சத்தம் வந்தது. தடியைக் குழலின் வாய்ப் பக்கத்தால் விடுகிறார். துணி பெரிதாக இருக்கிறது, இறுகுகிறது, குத்துகிறார், இழுக்கிறார். சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது.

இரண்டு படி இறங்கினேன். பிறகு ஏறி வந்துவிட்டேன்.

"முடிஞ்சுது!" என்று வந்து கை கழுவினார். "பெரிய வேலை ஒண்டும் இல்லை."

நவம்பர் 18, திங்கள்

இதை எழுதாமல் இருக்க ஏலாது. ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

நேசன் விடிய முதல் போய்விட்டார். ஆரணியை பஸ்ஸில் ஏற்றிவிட்டு உடுப்புக் கூடையுடன் கீழே போனேன். வேலை மேசையில் எல்லாம் போட்டபடி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எண்ணெய்ப் போத்தலுக்கு மூடி இல்லை. அதை மூடி வைத்தேன். தடியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பெட்டிக்குள் வைக்கலாம் என்று எடுத்தேன். அதன் நுனியில் துணி கொழுவும் பித்தளைத் துண்டு இல்லை. வெறும் மரைதான் இருந்தது.

மேசையில் தேடினேன். பிறகு நிலத்தில், மெஷினுக்குக் கீழே, குப்பைக்குள், தூசி உறிஞ்சும் மெஷினின் பைக்குள்ளும். இல்லை. அது எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்க முதலே எனக்குத் தெரியும்.

குழலுக்குள். துணியுடன் இறுகி, மரை கழன்று, உள்ளே நின்றுவிட்டது. வெறும் தடி வெளியே வந்ததை அவர் கவனிக்கவில்லை. குழலுக்குள்ளால் வெளிச்சத்தையும் பார்க்கவில்லை. பின்பக்கத்தால் ரவை ஏறும். துவக்கு ஒன்றும் காட்டிக்கொடுக்காது. சுடும்போதுதான் தெரியும். குழல் வெடிக்கும். முகம் அதற்குப் பக்கத்தில் இருக்கும்.

நேசனின் போனுக்கு அடித்தேன். றேமனுக்கு அடித்தேன். காட்டுக்குள் சிக்னல் இல்லை என்று தெரிந்துகொண்டே திரும்பத் திரும்ப அடித்தேன். பொலிசுக்கு அடித்து இதை ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தி, அவர்கள் வெளிக்கிட்டு... பிறகு கார்த் திறப்பை எடுத்தேன்.

இடம் எனக்குத் தெரியும். கோடையில் அங்கேதான் நாங்கள் புளூபெரி பறிக்கப் போனோம். மரம் ஏற்றும் லொறிகள் போகும் மண் றோட்டு, அது முழுக்கப் புதுப் பனி. கார் இரண்டு தரம் சறுக்கியது. றேமனின் ட்ரக் ஓரத்தில் நின்றது. அதிலிருந்து இரண்டு சோடிச் சப்பாத்து அடிகள் போய், ஓரிடத்தில் பிரிந்தன. நேசன் இடது காலைக் கொஞ்சம் வெளியே திருப்பி வைப்பார். அந்த அடியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

கொஞ்சத் தூரம் போனபிறகுதான் கவனித்தேன், நான் சத்தமே இல்லாமல் நடக்கிறேன். குதி முதலில் படாமல், காய்ந்த கொப்புகளைத் தாண்டித் தாண்டி. மண்ணிறக் குளிர்ச் சட்டை வேறு. வேட்டைக்காலத்தில், மரங்களுக்கிடையில், மான் நிறத்தில் ஒருத்தி. காரில் கிடந்த ஆரணியின் செம்மஞ்சள் தொப்பியை எடுத்து வந்திருந்தேன், அதைக் கையில் தூக்கி ஆட்டிக்கொண்டு, கொப்புகளை வேண்டுமென்றே முறித்துக்கொண்டு, "நேசன்! நேசன்!" என்று கத்தத் தொடங்கினேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அப்போது ஒரு வெடி கேட்டது.

நான் நிலத்தில் விழுந்து கிடந்தேன். விழுந்தது எனக்குத் தெரியாது. பனி வாய்க்குள் போயிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். சுத்தமான வெடி, எதிரொலியுடன். குழல் வெடித்தால் அப்படிக் கேட்காது. வலப்பக்கத் தூரத்தில். றேமன்.

எழும்பி ஓடினேன்.

விழுந்த ஒரு மரத்துக்குப் பின்னால் நேசன் முழங்காலில் இருந்தார். துவக்கு தோளில். றேமனின் வெடிக்குப் பயந்த மான் ஒன்று அவருக்கு நேரே வந்து நின்றது. பெரிய கொம்பு. அவர் கன்னத்தைத் துவக்கில் வைத்துவிட்டார்.

"சுடாதேங்கோ! நேசன், சுடாதேங்கோ!"

மான் பாய்ந்து போய்விட்டது. அவர் திரும்பினார். முதலில் பயம், பிறகு கோபம்.

"என்னப்பா! பிள்ளைக்கு ஏதுமோ?"

"துவக்கைத் தாங்கோ."

"என்ன?"

"தாங்கோ."

தந்தார். ஏன் தந்தார் என்று அவருக்கே தெரிந்திராது. துவக்கின் வாயை நிலத்துக்குத் திருப்பினேன். போல்ட்டை உயர்த்தி இழுத்தேன், பாய்ந்த ரவையை உள்ளங்கையில் பிடித்தேன், மிச்சத்தையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன், போல்ட்டைக் கழற்றினேன், குழலை வானத்துக்குப் பிடித்தேன். இருட்டு.

"பாருங்கோ" என்றேன்.

அவர் பார்த்தார். கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். மற்றப் பக்கத்தாலும் பார்த்தார். பிறகு அந்த விழுந்த மரத்தில் இருந்துவிட்டார்.

"தடியின்ரை நுனி" என்றேன். "நேற்று உள்ளுக்கை கழண்டிட்டுது."

என் சத்தம் கேட்டு றேமன் ஓடிவந்தான். அவனும் குழலைப் பார்த்தான். தாடியைத் தடவினான். என் கையில் இருந்த போல்ட்டைப் பார்த்தான். நான் அதைப் பனி படாமல் சட்டைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கே பழகினீர்கள்?" என்று கேட்டான்.

"என் அப்பாவிடம் ஒரு துவக்கு இருந்தது. காட்டுப் பன்றிக்கு."

றேமன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்ல அப்பா" என்றான்.

திரும்பி வரும்போது காரை நான்தான் ஓட்டினேன்.

நவம்பர் 19

அவர் வேலைக்குப் போனார். வந்தார். சாப்பிட்டார். சோறு நல்லாயிருக்கு என்று ஆரணியிடம் சொன்னார்.

நவம்பர் 21

வேலையிடத்தில் றேமன் குழலுக்குள் இருந்து அந்தப் பித்தளைத் துண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறான். நேசன் அதைச் சமையலறை யன்னலில் வைத்தார். அங்கேயே கிடக்கிறது. நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

துவக்கு திரும்ப அலுமாரிக்குள். திறப்பை அவர் ஒளிக்கவில்லை. மேசையில் வைத்திருக்கிறார்.

நவம்பர் 23, சனி

ஆரணி பக்கத்து வீட்டுப் பிள்ளையுடன் பனியில் விளையாடப் போனாள். நேசன் வந்து சமையலறை வாசலில் நின்றார்.

"உம்மடை அப்பா துணிக்கடையில எல்லோ வேலை செய்தவர். உம்மடை அம்மா அண்டைக்குப் போனில சொன்னவ."

நான் மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். குழைத்துக்கொண்டே சொன்னேன். நிறுத்தியிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

"இயக்கத்தில இருந்து வீட்டுக்கு ஒராள் வரவேணும் எண்டு வந்தவை. தம்பிக்கு அப்ப பதினாலு. நான் போனன்."

"எவ்வளவு காலம்?"

"சண்டை முடியும்வரைக்கும்."

"சுட்டனீரோ?"

"இல்லை. என்னைத் துவக்குத் துடைக்க விட்டவை. முன்னுக்கு நிண்ட பிள்ளையளின்ரை துவக்குகள் பின்னுக்கு வரும். சேறோடை வரும். வேறையும் வரும். துடைச்சுத் திரும்பக் குடுக்கவேணும்." பிறகு சொன்னேன்: "துவக்கு திரும்பி வரும். ஆள் வராது. அதே துவக்கை இன்னொரு பிள்ளை வந்து வாங்கிக்கொண்டு போவாள்."

அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஆறு வருசம்" என்றார். "ஆறு வருசமா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

"சொல்லியிருந்தால் கட்டியிருப்பியளோ?"

அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போய்ப் பனி தள்ளினார். எங்கள் வாசல் முடிய, பக்கத்து வீட்டு வாசலையும் தள்ளினார். அதற்கு அங்காலையும் போனார். நான் ரொட்டி சுட்டேன். எல்லாம் வட்டமாக வந்தது.

நவம்பர் 25

நர்ஸிடம் போனேன். எழுதுகிறீர்களா என்று கேட்டாள். ஓம் என்றேன். உதவுகிறதா? தெரியாது என்றேன். நித்திரையைக் கேட்காமல், சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள் என்றேன்.

நவம்பர் 27, புதன்

ஊரில் சண்டையில் செத்த எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கு ஏற்றும் நாள். ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் நேசன் ஏதாவது காரணம் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார். காருக்கு எண்ணெய் மாற்றவேண்டும், ரயர் பார்க்கவேண்டும் என்பார். நான் வீட்டில் எதையாவது துடைத்துக்கொண்டிருப்பேன். ஆறு வருடமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் இந்த நாளை ஒருவருக்கொருவர் தெரியாமல் கடத்தியிருக்கிறோம்.

இன்றைக்கு அவர் போகவில்லை. பின்னேரம் ஒரு படத்தைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார். அதன் முன்னால் ஒரு மெழுகுதிரி கொளுத்தினார். தவமலர் அக்கா. அவருக்கு மூத்த சகோதரி, செல் குண்டு விழுந்து செத்தவ என்று கலியாணத்தின்போது எனக்குச் சொன்னார்கள். மாமியார் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தில் அவவுக்கு இரட்டைப் பின்னல். இது வேறு படம். இதில் தலைமயிர் கட்டையாக வெட்டியிருக்கிறது.

நான் படத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"செல் இல்லை" என்றார். "அம்மா அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லுறவ. அக்கா இயக்கத்துக்குப் போய் ரெண்டாம் வருசம், சண்டையில. எனக்குப் பதினைஞ்சு வயசு. அடுத்த மாசமே என்னை வெளிநாட்டுக்கு அனுப்பிப்போட்டினம்."

ஆரணி வந்து, "இது ஆர்?" என்று கேட்டாள்.

"மாமி" என்றார். "உன்ரை மாமி."

"எங்கை இருக்கிறா?"

நேசன் படத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்தார். மெழுகுதிரியை ஊதட்டோ என்று கேட்டாள். வேண்டாம் என்றோம்.

நவம்பர் 30, சனி

"இந்தத் துவக்கு வீட்டில இருக்கட்டோ, போகட்டோ? நீர் சொல்லும்," என்று காலையில் கேட்டார்.

"போகட்டும்."

"சரி. மத்தியானம் றேமனிட்டைக் குடுத்திட்டு வாறன்."

"அப்பிடியே குடுக்கேலாது" என்றேன். "ஒரு கையில இருந்து மற்றக் கைக்குப் போகேக்கை துடைச்சுத்தான் குடுக்கிறது."

இருவரும் கீழே போனோம். ஆரணி மேலே ரீவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திறப்பைப் போட்டுத் திறந்து, துவக்கை எடுத்து, வெறுமையோ என்று பார்த்து என்னிடம் நீட்டினார். நான் கயிற்றில் துணியைக் கட்டிக் கொடுத்தேன், அவர் இழுத்தார். பின்பக்கமிருந்து முன்பக்கமாக, ஒரே இழுவையில், இடையில் நிற்காமல். முதல் துணி கறுப்பாக வந்தது. புதுத் துணி கட்டிக் கொடுத்தேன். மெஷினில் உடுப்புச் சுற்றும் சத்தம் மட்டும்.

கடைசித் துணி வெள்ளையாக வந்தது. நான் துவக்கை வாங்கி, வெளிப்பக்கம் முழுக்க எண்ணெய்த் துணியால் ஒருதரம் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்காவின்ரை துவக்கையும் உம்மைப் போல ஆரோ ஒரு பிள்ளை துடைச்சுக் குடுத்திருப்பாள், என்ன?"

"ஓம்."

"குடுக்கேக்கை என்ன சொல்லுறனீங்கள்?" எண்ணெய்த் துணியை எடுத்துக் கையில் சுருட்டினார். "ஏதும் சொல்லிக் குடுக்கிறனீங்களோ? கவனம் எண்டு... வெண்டு வா எண்டு..."

எனக்கு எல்லா முகமும் வந்தது. வரிசையில் நிற்பார்கள். பெரிய சட்டைக்குள் சின்னக் கை. சிலருக்குத் துவக்கு அவர்களை விட நீளம்.

"அப்பிடி ஒண்டும் சொல்லுறதில்லை" என்றேன். "சாப்பிட்டியோ எண்டு கேப்பம்."

அவர் தலை குனிந்துகொண்டார். தோள் ஆடியது. துவக்கு இன்னும் என் இரண்டு கையிலும் இருந்தது. அதைக் கீழே வைக்கவும் தெரியாமல், அவரைத் தொடவும் முடியாமல் நின்றேன்.

"அவையள் என்ன சொல்லுவினம்?" என்று கேட்டார், நிமிராமல்.

"ஓம் எண்டுதான் சொல்லுவினம்" என்றேன். "பசிக்குதெண்டு ஒருத்தியும் சொன்னதில்லை."